நம் பிள்ளைகள் பரீட்சையில் தேற வழி என்ன?

(ஜார்ஜ்டவுனில் தோட்டத் தொழிலாளர் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



காலையில் வேலையை முடித்து, பஸ் பிடித்து, பெர்ரியில் கடல் தாண்டி இந்தப் பினாங்குப் பட்டணத்துக்கு வந்திருக்கிறீர்கள். சம்பள விஷயம் பேச அல்ல, போனஸ் விஷயம் பேசவும் அல்ல. பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறீர்கள். இதுவும் சம்பள விஷயம்தான் என்பது எங்கள் அபிப்பிராயம். இன்றைய பரீட்சை முடிவு நாளைய சம்பளம் அல்லவா?

நாம் கூடியிருக்கும் இதே ஊரில் 1816-ஆம் ஆண்டில் பினாங்கு பிரீ ஸ்கூல் தொடங்கப்பட்டது. எந்த இனத்துப் பிள்ளைக்கும், எந்த மதத்துப் பிள்ளைக்கும் அங்கே இடம் உண்டு என்றார்கள். ஆனால் அந்த வாசல் லயத்துப் பிள்ளைக்கு வெகு தூரத்தில் இருந்தது. ஏழு வயது முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொல்லிற்று. பள்ளி வந்தது. ஆனால் பல தோட்டங்களில் படிப்பு எழுதப் படிக்கத் தெரிவதோடு நின்றது. பிள்ளை வளர்ந்ததும் தகப்பன் கையில் இருந்த உளி மகன் கைக்கு மாறிற்று.

இன்று அந்த நிலை இல்லை. நம் பிள்ளைகள் ஐந்தாம் பாரம் வரை போகிறார்கள், எஸ்.பி.எம். பரீட்சை எழுதுகிறார்கள். ஆனால் அங்கே ஒரு கண்டம் இருக்கிறது. மலாய் மொழியில் தேறாவிட்டால் சர்டிபிகேட் இல்லை. 2013-ஆம் ஆண்டு முதல் சரித்திரத்திலும் தேறியாக வேண்டும். கணக்கில் முதல் தரம் எடுத்த பையனாக இருந்தாலும் சரித்திரத்தில் தவறினால் கையில் சர்டிபிகேட் கிடைக்காது. மறுபரீட்சைக்கு வழி உண்டு என்பது உண்மை. ஆனால் அதற்குள் எத்தனை பிள்ளைகள் மனம் ஒடிந்து பேக்டரி வேலைக்குப் போய்விடுகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும்.

இந்த இடத்தில் எங்கள் தவறு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சில வருஷங்களுக்கு முன் நாங்கள் மாலை வகுப்பு நடத்தினோம். பழைய கேள்வித்தாள்களைச் சேகரித்தோம். மாதிரி விடைகளை அச்சடித்துக் கொடுத்து, நெட்டுருப் போடுங்கள் என்றோம். பிள்ளைகளும் விளக்கு வைத்த நேரம் முதல் சத்தம் போட்டுப் படித்தார்கள். பரீட்சையில் கேள்வி சற்றே திரும்பி வந்தது. பாடம் அதே பாடம்தான், கேட்ட விதம் மட்டும் வேறு. எங்கள் பிள்ளைகள் நாங்கள் கொடுத்த விடையையே எழுதிவிட்டு வந்தார்கள். அழுதுகொண்டு வந்த ஒரு பெண், “எல்லாம் தெரியும், ஆனால் கேட்டது எது என்று தெரியவில்லை” என்றாள். குற்றம் அவளுடையதல்ல, எங்களுடையது. அன்று முதல் எங்கள் முறையை மாற்றினோம். அதைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

முதலாவது, படித்ததும் புத்தகத்தை மூட வேண்டும். ஒரு பக்கம் படித்தபின், வெள்ளைத் தாளை எடுத்து, நினைவில் நின்றதைச் சொந்த வாக்கியத்தில் எழுத வேண்டும். பிறகு புத்தகத்தைத் திறந்து விட்டுப்போனதைச் சேர்க்க வேண்டும். 2006-ஆம் ஆண்டில் ரோடிகர், கார்பிக் என்ற இரு அமெரிக்க மனோதத்துவ அறிஞர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு கூட்டத்தார் ஒரு பாடத்தை நான்கு முறை படித்தார்கள். மற்றொரு கூட்டத்தார் ஒரே முறை படித்து, மூன்று முறை பார்க்காமல் எழுதினார்கள். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது நான்கு முறை படித்தவர்களுக்கு நூற்றுக்கு 83 பங்கு நினைவிருந்தது, எழுதியவர்களுக்கு 71 பங்கு. ஒரு வாரம் கழித்துக் கேட்டார்கள். படித்தவர்களுக்கு 40 பங்கு நின்றது, எழுதியவர்களுக்கு 61 பங்கு நின்றது. பரீட்சை ஐந்து நிமிஷத்தில் வருவதில்லை, தோழர்களே!

இரண்டாவது, ஒரே நாளில் எல்லாவற்றையும் படிக்கக் கூடாது. இன்று பல தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. ஆனாலும் உளி பிடித்த கைகள் இங்கே நிறைய இருக்கின்றன. உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டுமா? ஒருநாள் விட்டு ஒருநாள் மெல்லிய பட்டையாக எடுத்தால் மரம் பல வருஷம் பால் தரும். ஆசைப்பட்டு ஓயாமல் வெட்டினால் பட்டை வறண்டு பால் நின்றுவிடும். மூளையும் அப்படித்தான். திங்களன்று படித்த பாடத்தைப் புதனன்று பார்க்காமல் எழுதிப் பார்க்கட்டும். அடுத்த வாரம் மறுபடியும், அடுத்த மாதம் இன்னொரு தடவையும் எழுதட்டும். பரீட்சைக்கு முதல் நாள் இரவு முழுவதும் விழிப்பது படிப்பல்ல, பட்டையைக் காயப்படுத்துவது.

மூன்றாவது, சரித்திரத்தைத் தேதிப் பட்டியலாகப் படிக்கக் கூடாது. ஏன், எதனால், அதன்பின் என்ன என்று சங்கிலியாகக் கோத்துப் படிக்க வேண்டும். ஜப்பானியர் காலம் மக்களிடம் தேசிய உணர்வை எழுப்பியது எப்படி என்று ஒரு கேள்வி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நெட்டுருப் போட்ட பிள்ளை 1941 டிசம்பர் 8-ல் கோத்தாபாருவில் ஜப்பானியர் இறங்கினர் என்று எழுதி நிறுத்திவிடும். யோசித்துப் படித்த பிள்ளை மேலே செல்லும். டிசம்பர் 11-ல் இந்த ஜார்ஜ்டவுன் வீதிகளில் குண்டு விழுந்தது. சில தினங்களில் வெள்ளையர்கள் தங்கள் இனத்தாரை மட்டும் இரகசியமாகத் தீவை விட்டு அனுப்பினர், மற்றவர்களைக் கைவிட்டனர். ஆகவே வெள்ளைக்காரன் காப்பான் என்ற நம்பிக்கை உடைந்தது. பிறகு அரிசிப் பஞ்சம் வந்தது, மரவள்ளிக்கிழங்கு உணவாயிற்று. நம் தோட்டத்து ஜனங்கள் ஆயிரக்கணக்கில் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். ஆகவே போர் முடிந்து வெள்ளையர் திரும்பியபோது மக்கள் பழைய மக்களாக இல்லை. இந்த ‘ஆகவே’க்குத்தான் மார்க்கு!

இந்தக் கதைகள் பல நம் வீட்டிலேயே கிடக்கின்றன. சயாமுக்குப் போனவர் பேரன் உங்களில் இருப்பான். 1948 முதல் 1960 வரை நடந்த அவசரகாலத்தில் கம்பி வேலிக்குள் வாழ்ந்ததை நினைவில் வைத்திருக்கும் பாட்டி இருப்பார். அவர்களைப் பேச வையுங்கள். கேட்ட பிள்ளைக்குப் பாடப் புத்தகம் அந்நியமாகத் தோன்றாது. ஆனால் ஒன்று: பரீட்சையில் எழுத வேண்டியது பாடப் புத்தகத்தில் உள்ளதைத்தான். பாட்டி கதை புத்தகத்துக்கு வாசல், புத்தகமே ஆகாது.

நான்காவது, கேள்வியின் வினைச்சொல்லைப் பார்க்க வேண்டும். ‘ஞாத்தாகான்’ என்றால் குறிப்பிட்டால் போதும். ‘ஜெலாஸ்கான்’ என்றால் விளக்க வேண்டும். ‘பண்டிங்கான்’ என்றால் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். விளக்கச் சொன்ன இடத்தில் ஒரு வரி எழுதினாலும் நஷ்டம், குறிப்பிடச் சொன்ன இடத்தில் ஒரு பக்கம் எழுதினாலும் நஷ்டம். கேள்வியைப் படித்ததும் அந்தச் சொல்லின் கீழ் ஒரு கோடு போடும் பழக்கம் வரட்டும்.

ஐந்தாவது, நம் தமிழ். தமிழ் எடுத்தால் மலாய் குறையும் என்று சிலர் பிள்ளையைத் தடுக்கிறார்கள். ஒரு மொழியில் ஒழுங்காகக் கட்டுரை கட்டத் தெரிந்தவனுக்கு அடுத்த மொழியில் கட்டுவது எளிது. 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி, அரசாங்கப் பள்ளியில் பதினைந்து மாணாக்கரின் பெற்றோர் கேட்டால் தமிழ் வகுப்புக்கு இடமுண்டு. பதினைந்து கையெழுத்து! சங்கத்துக்கு ஆள் சேர்த்த நமக்கு இது பெரிய காரியமா?

இனிப் பெற்றோர் கடமை. “எனக்கு எழுத்தே தெரியாது, நான் என்ன செய்வேன்?” என்று ஒரு தாய் கேட்டார். அம்மா, நீங்கள் எழுத வேண்டாம், கேட்டால் போதும். “இன்றைக்கு என்ன படித்தாய், எனக்குப் புரிகிறமாதிரி சொல்லு” என்று கேளுங்கள். உங்களுக்குப் புரியும்படி சொல்லிவிட்டால் பிள்ளைக்குப் பாடம் வந்துவிட்டது. தடுமாறினால் எங்கே தடுமாறிற்று என்று அதற்கே தெரிந்துவிடும். அரை மணி நேரம் டெலிவிஷனையும் கைப்பேசியையும் அணைத்து வையுங்கள்.

கிராணிமார்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களுக்கு மலாய் எழுத வரும். வாரம் ஒரு மாலை, இரண்டு பிள்ளைகளின் கட்டுரை நோட்டைப் பாருங்கள். திருத்தித் தர வேண்டாம், தவறான இடத்தில் கோடு போட்டுக் கொடுங்கள், பிள்ளையே திருத்தட்டும். ஆபீஸில் இருப்பவர், நிரையில் இருப்பவர் என்ற பேதம் பிள்ளைகளின் படிப்பில் வேண்டாம்.

தோழர்களே, இதில் காசு செலவு எங்கே இருக்கிறது? ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு பென்சில், கேட்பதற்கு ஒரு தாய், பார்ப்பதற்கு ஒரு கிராணி. டியூசனுக்குப் பணம் இல்லை என்று இனி ஒரு பிள்ளையும் பின்தங்கக் கூடாது. இன்று இரவு வீடு திரும்பியதும் பிள்ளையிடம் அந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். அடுத்த கூட்டத்தில் என்ன பதில் வந்தது என்று நாங்கள் உங்களைக் கேட்போம்.