பாடு என்றால் பாட்டும்தான்

(இளைஞர்களுக்கான இசை உரையாடல் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



எரிக்கா பாடுவின் முதல் ஆல்பமான ‘பாடுயிஸம்’ பற்றிப் பேசப் போகிறேன் என்று சொன்னவுடன் ஒரு தோழர் கேட்டார், “அதுல போராட்டப் பாட்டு ஏதாவது இருக்கா?” 1997 பிப்ரவரி 11 அன்று அமெரிக்காவில் வெளியான அந்த ஆல்பத்தில் பெரும்பாலானவை காதலும் மனக்குழப்பமும் சார்ந்த பாடல்கள். ஊர்வலத்தில் சேர்ந்து பாடக்கூடிய பாட்டு ஒன்றுகூட இல்லை. அப்படியிருந்தும் இங்கே அதைப் பேச வேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்குக் காரணம் அந்தத் தோழரின் கேள்விதான்.

ஒடுக்கப்பட்ட சமூகத்திலிருந்து ஒருவர் பாட வந்தால் உலகம் அவரிடம் இரண்டு விஷயங்களைத்தான் எதிர்பார்க்கிறது. ஒன்று, அழ வேண்டும். இல்லையென்றால் கோபப்பட வேண்டும். அழுதால் இரக்கப்படலாம், கோபப்பட்டால் மிரண்டு ரசிக்கலாம். சாவகாசமாக உட்கார்ந்து யோசிப்பது, காதலனைக் கிண்டல் செய்வது, பிரபஞ்சம் எங்கிருந்து வந்தது என்று பேசுவது எல்லாம் மற்றவர்களின் வேலை என்று வைத்திருக்கிறார்கள். சங்கடம் என்னவென்றால், நாமும் சில நேரம் நம் கலைஞர்களிடம் இதையேதான் கேட்கிறோம்.

கறுப்பின மக்களோடு நமக்குள்ள உறவு பழையது. ஜோதிராவ் ஃபுலே 1873இல் ‘குலாம்கிரி’ நூலை, அடிமைமுறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். அண்ணல் அம்பேத்கர் 1946இல் டபிள்யூ. இ. பி. டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்கள் பிளாக் பேந்தர் கட்சியிடமிருந்து பெயரை எடுத்துக்கொண்டார்கள். அவர்களின் அடிமை வரலாறும் போராட்ட வரலாறும் நமக்குத் தெரியும். அந்த மக்கள் ஞாயிற்றுக்கிழமை மதியத்தை எப்படிக் கழித்தார்கள், எதற்குச் சிரித்தார்கள் என்பதில்தான் நாம் அக்கறை காட்டியதில்லை. ‘பாடுயிஸம்’ அதைக் கேட்கவைக்கிறது.

முதலில் பெயர். அவர் 1971இல் டல்லாஸ் நகரத்தில் பிறந்தபோது வைத்த பெயர் எரிக்கா ரைட். ரைட் என்பது அடிமைக் காலத்து எஜமானர்கள் வழியாக வந்து ஒட்டிக்கொண்ட பெயர் என்று அவர் அதை விட்டார். எரிக்கா என்பதன் எழுத்துகளையும் மாற்றினார். பழைய எகிப்தியரின் நம்பிக்கையில் மனிதருக்குள் இருக்கும் உயிராற்றலுக்கு ‘கா’ என்று பெயர். அந்தக் ‘கா’ தன் பெயரில் இருக்கும்படி எழுதிக்கொண்டார். ‘பாடு’ என்பதை எங்கிருந்து எடுத்தார் தெரியுமா? ஜாஸ் பாடகர்கள் பொருளில்லாத அசைகளை வைத்துத் தாளத்தோடு விளையாடுவார்கள். அப்படிப் பாடும்போது தன் வாயில் அடிக்கடி வந்த, தனக்குப் பிடித்த ஒலியையே பெயராக்கிக்கொண்டார்.

தமிழில் எழுதிப் பார்த்தால் இது இன்னும் சுவாரசியம். ‘பாடு’ என்றால் நமக்குப் பாட்டும் உண்டு, படுகிற பாடும் உண்டு. கேட்பவர்கள் ஒடுக்கப்பட்டவரின் பெயரில் இரண்டாவதை மட்டும் தேடுகிறார்கள். அவர் வைத்துக்கொண்டது முதலாவதை. அதோடு ‘இஸம்’ சேர்த்து முதல் ஆல்பத்துக்கே தலைப்பாக்கினார். அப்போது அவருடைய 26ஆவது பிறந்தநாளுக்குக்கூட இன்னும் பதினைந்து நாள் இருந்தது. அந்த வயதில் ஒரு கறுப்பினப் பெண் தன் பெயரில் ஒரு தத்துவம் இருப்பதாக அறிவித்ததில் கொஞ்சம் குறும்பு இருக்கிறது, நிறையத் துணிச்சலும் இருக்கிறது.

இந்தத் துணிச்சல் வானத்திலிருந்து விழவில்லை. டல்லாஸில் அவர் படித்த புக்கர் டி. வாஷிங்டன் பள்ளி, இனப் பிரிவினைக் காலத்தில் கறுப்பின மாணவர்களுக்கென்று தனியாக ஒதுக்கப்பட்டிருந்த பள்ளி. 1976இல் அது அரசுக் கலைப்பள்ளியாக மாற்றப்பட்டது. டிரம்பெட் கலைஞர் ராய் ஹார்குரோவ் அங்கே படித்தவர். பிறகு பாடு லூசியானாவில் உள்ள கிராம்ப்ளிங் பல்கலைக்கழகத்தில் நாடகம் படித்தார். அதுவும் கறுப்பினத்தவருக்காக உருவான கல்வி நிறுவனம். படிப்பை முடிக்காமல் 1993இல் ஊர் திரும்பி, உணவகத்தில் பரிமாறும் வேலை பார்த்தார், குழந்தைகளுக்கு நடனமும் நாடகமும் சொல்லிக்கொடுத்தார். ‘ரத்தத்திலேயே இசை இருக்கிறது’ என்று சொல்லிப் பயிற்சியையும் உழைப்பையும் மறைத்துவிடுவது எங்கும் நடக்கிறது. இந்த ஆல்பத்துக்குப் பின்னால் இருப்பது ஒரு பொதுப்பள்ளி, ஒரு சமூகம் கட்டிய கல்லூரி, வருடக்கணக்கான பயிற்சி.

இப்போது ஒலிக்கு வருவோம். ஆல்பம் ‘ரிம்ஷாட்’ என்ற சிறு பாட்டோடு தொடங்கி, அதே பாட்டின் இன்னொரு வடிவத்தோடு முடிகிறது. டிரம் குச்சி டிரம்மின் ஓர வளையத்தில் படும்போது ‘டக்’ என்று ஒரு காய்ந்த சத்தம் வரும். அந்தச் சத்தத்தைப் பற்றித்தான் பாட்டே. காதலனைக் கொஞ்சுகிற மாதிரி அந்த ‘டக்’கைக் கொஞ்சுகிறார். ஆல்பம் முழுக்க அந்தச் சத்தம் நம்மோடு வருகிறது. அதற்குக் கீழே பருத்த பேஸ், பக்கத்தில் மணி போல மெல்ல அதிரும் எலெக்ட்ரிக் பியானோ. பெரிய வயலின் கூட்டம் கிடையாது. உச்ச ஸ்தாயியில் போய்க் கைதட்டல் வாங்கும் இடமும் அநேகமாக இல்லை.

தாளத்தின் அடிப்படை ஹிப்ஹாப். ஒரு சின்னச் சுற்று திரும்பத் திரும்ப வரும். அதன்மேல் அவர் பாடுவது ஜாஸ் முறையில். சொல் தாளத்தின்மேல் சரியாக விழாது, இம்மியளவு தாமதமாக வந்து உட்காரும். இதனால் பலர் அவரை பில்லி ஹாலிடேயோடு ஒப்பிட்டார்கள். ‘டிராமா’ என்ற பாட்டில் டபுள் பேஸ் வாசிப்பவர் ரான் கார்ட்டர், 1960களில் மைல்ஸ் டேவிஸ் குழுவில் இருந்தவர். வேறு சில பாடல்களில் பிலடெல்ஃபியாவின் ஹிப்ஹாப் குழுவான தி ரூட்ஸ் கலைஞர்கள் கைகொடுத்தார்கள். இரண்டு தலைமுறைகள் ஒரே ஆல்பத்தில் வாசிக்கின்றன.

அந்தத் தாமதத்தை நான் அரசியலாகத்தான் கேட்கிறேன். பருத்திக் காட்டிலும் தொழிற்சாலையிலும் இன்னொருவரின் கடிகாரத்துக்கு உழைத்த மக்களின் பேத்தி, தாளம் கூப்பிட்டதும் ஓடிவராமல் தன் நேரத்துக்கு வருகிறார். அவசரம் இல்லாமல் இருப்பது யாருக்குக் கிடைக்கிறது என்பது நமக்குத் தெரிந்த கேள்விதானே?

பொருளுக்குப் போவோம். முதலில் புகழ்பெற்ற பாட்டு ‘ஆன் அண்ட் ஆன்’. அதில் தன் பிறப்பைப் பற்றிச் சொல்லும்போது ஒரு சில்லறைக் கணக்கு வருகிறது. கூட்டினால் 3 டாலர் 60 சென்ட். புள்ளியை எடுத்துவிட்டால் 360, அதாவது ஒரு முழு வட்டம். கணக்குப் போடாதவர்களுக்கு இது விளையாட்டுப் பேச்சாகத்தான் தெரியும் என்று அவரே சீண்டுகிறார். இது ஃபைவ் பெர்சென்டர்கள் என்ற இயக்கத்தின் மொழி. 1964இல் ஹார்லெமில், மால்கம் எக்ஸ் இருந்த நேஷன் ஆஃப் இஸ்லாம் அமைப்பிலிருந்து பிரிந்து வந்த கிளாரன்ஸ் 13எக்ஸ் தொடங்கியது. அவர்களின் போதனைப்படி 85 சதவீத மக்கள் உண்மை அறியாமல் இருக்கிறார்கள், 10 சதவீதம் பேர் அறிந்தும் மறைத்து அதை வைத்தே பிழைக்கிறார்கள், மீதி 5 சதவீதம் பேர் கற்றுக்கொடுக்க வேண்டும். அறிவைப் பூட்டிவைத்துப் பிழைத்த 10 சதவீதத்தைப் பற்றி இந்த அரங்குக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தெருமுனையில் பையன்கள் பேசிய அந்தத் தத்துவ மொழியை வானொலியில் ஒலிக்கும் மென்மையான பாட்டுக்குள் பாடு கொண்டுவந்தார்.

‘அதர்சைட் ஆஃப் தி கேம்’ தான் எனக்கு இந்த ஆல்பத்தின் இதயம். ஒரு பெண் பேசுகிறாள், வயிற்றில் குழந்தை. அவளுடைய ஆள் செய்வது நேர்மையான தொழில் இல்லை, ஆனால் வீட்டுச் செலவு அதில்தான் ஓடுகிறது. அவன் படிக்காதவனும் இல்லை, அவன் பட்டம் வாங்கிய நாளில் தானும் அங்கே இருந்ததாக அவள் சொல்கிறாள். நாளைக்கு அவனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டால் என்ன செய்வது? அவ்வளவுதான் பாட்டு.

இது வெளிவந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். 1986இல் அமெரிக்கா கொண்டுவந்த சட்டப்படி, 5 கிராம் கிராக் கொக்கெய்ன் விற்றவருக்குக் குறைந்தது 5 ஆண்டுச் சிறை. அதே தண்டனை பவுடர் கொக்கெய்னுக்குக் கிடைக்க 500 கிராம் இருக்க வேண்டும். கிராக் வழக்குகளில் மாட்டியவர்கள் பெரும்பாலும் கறுப்பினத்தவர். நூறு மடங்கு என்ற இந்த அநியாயம் 2010இல்தான் 18 மடங்காகக் குறைந்தது. கறுப்பினத் தாய்மாரைச் சோம்பேறிகளாகச் சித்திரித்த பிரசாரத்துக்குப் பின், 1996இல் நலத்திட்ட உதவிகளும் வெட்டப்பட்டன. செய்திகளில் அவன் குற்றவாளி, அவள் அரசுக்குப் பாரம். பாடுவின் பாட்டில் அவன் பட்டதாரி, அவள் சிந்திக்கிற ஒரு பெண். பாட்டு அவனை நியாயப்படுத்தவில்லை, காட்டிக்கொடுக்கவும் இல்லை. நல்லது கெட்டதை எடைபோட்டுப் பார்க்கும் மனம் ஏழைக் கறுப்பினப் பெண்ணுக்கும் உண்டு என்று அது காட்டுகிறது.

‘நெக்ஸ்ட் லைஃப்டைம்’ பாட்டைக் கேட்கும்போது நமக்கு ஒரு முள் குத்தும். மறுபிறவி! கர்ம வினை என்று சொல்லித்தானே நம்மைச் சேரியில் வைத்தார்கள். ஆனால் பாட்டில் கர்மமும் இல்லை, தண்டனையும் இல்லை. ஏற்கெனவே ஒருவரோடு வாழும் பெண்ணுக்கு இன்னொருவர்மேல் ஆசை வருகிறது. ஆசையை மறைக்கவும் இல்லை, இருப்பவரை ஏமாற்றவும் இல்லை. அடுத்த பிறவியில் பார்க்கலாம் என்று பாதிச் சிரிப்போடு அனுப்பிவிடுகிறாள். அதன் காணொலியில் அந்த ஜோடி பழைய ஆப்பிரிக்காவிலும், 1968இன் இயக்க நாட்களிலும், எதிர்கால ஆப்பிரிக்காவிலும் சந்தித்துக்கொள்கிறது. மறுபிறவி அங்கே, அடிமைமுறை அறுத்துப்போட்ட காலத்தைத் திரும்ப ஒட்டவைக்கும் கற்பனையாகிறது. ஒரே சொல் இரண்டு மக்களிடம் எப்படி வேறுவேறு வேலை செய்கிறது பாருங்கள்.

சிரிப்பையும் விடக் கூடாது. ‘ஆஃப்ரோ’ என்ற துணுக்கில், வெளியே அழைத்துப் போகிறேன் என்று சொல்லி ஏமாற்றிய காதலனைப் புளூஸ் மெட்டில் திட்டிக்கொண்டே வந்து, கடைசியில் உன் முடி ஒரு பக்கம் அமுங்கியிருக்கிறது, சீவிக்கொள் என்கிறார். முடியும் சாதாரண விஷயமில்லை. 1786இல் ஸ்பெயினின் ஆட்சியிலிருந்த லூசியானாவில் ஆளுநர் மிரோ, அடிமைகளல்லாத கறுப்பினப் பெண்களும் கூந்தலைத் துணியால் மூட வேண்டும் என்று ஆணையிட்டார். வெள்ளைப் பெண்களுக்கு நிகராக அவர்கள் தெரியக் கூடாது என்பது நோக்கம். அந்தப் பெண்கள் பளிச்சென்ற துணியை விதவிதமாகக் கட்டி அதையே அழகாக்கிவிட்டார்கள். 1997இல் பாடு தலையில் கோபுரம்போல் கட்டி வந்த துணிக்கு இப்படியொரு வரலாறும் உண்டு. மேலே துணி உடுத்தும் உரிமைக்காகத் தென் திருவிதாங்கூரில் போராடிய பெண்களின் பேத்திகளுக்கு, உடை எப்படி அரசியலாகிறது என்பது உடனே புரியும்.

குறைகளையும் பேசிவிட வேண்டும். எகிப்தின் அரச கம்பீரத்தைத் தங்கள் பூர்விகமாகக் கொள்ளும் போக்கு பாடுவின் உலகத்தில் நிறைய உண்டு. பெயரும் மொழியும் பிடுங்கப்பட்டவர்கள் வேர் தேடுவது எனக்குப் புரிகிறது. அதை நம்மூர் ‘ஆண்ட பரம்பரை’ மீசை முறுக்கலோடு சமமாக வைக்க மாட்டேன், இது கீழே உள்ளவரை மிதிப்பதற்காகச் சொல்லப்படுவது. ஆனாலும் ஃபாரோக்களின் அரண்மனையிலும் அடிமைகள் இருந்தார்கள். மாண்புக்கு அரச வம்சம் எதற்கு? அடுத்து, ஃபைவ் பெர்சென்டர்களின் போதனையில் ஆண் கடவுள், பெண் பூமி. அந்த வரிசையைப் பாடு நேராக எதிர்க்கவில்லை. ஆனால் பாட்டில் கற்றுக்கொடுக்கும் இடத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறார். அது சின்ன மாற்றமில்லை.

‘நியோ சோல்’ என்ற பெயரையும் சந்தேகத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். டிஏஞ்சலோ, பாடு இருவரையும் சந்தைக்குக் கொண்டுவந்த கேதார் மாசன்பர்க் என்ற தயாரிப்பாளர் விற்பனைக்காகப் பரப்பிய சொல் அது. கலைஞர்கள் பலருக்கு அதில் விருப்பமில்லை. சந்தை வேலை செய்தது என்பதும் உண்மை. ஆல்பம் அமெரிக்கப் பட்டியலில் இரண்டாம் இடத்தில் நுழைந்தது, 30 லட்சம் பிரதிகளுக்கான சான்று பெற்றது, 1998இல் சிறந்த ஆர் அண்ட் பி ஆல்பத்துக்கான கிராமி விருதை வாங்கியது. யோசிக்கிற பாட்டைச் சாதாரண மக்கள் கேட்க மாட்டார்கள் என்று சொல்பவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டலாம்.

தோழர்களே, போராட்டப் பாட்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது இல்லாமல் நாம் இந்த அரங்கில் உட்கார்ந்திருக்க மாட்டோம். ஆனால் எதற்காகப் போராடுகிறோம்? நம் வீட்டுப் பெண் ஒருத்தி தன் காதலைப் பற்றியும், பிரபஞ்சத்தைப் பற்றியும், ஒரு டிரம் சத்தத்தைப் பற்றியும் ஐம்பத்தெட்டு நிமிடம் நிதானமாகப் பாட, “உன் வலி எங்கே?” என்று யாரும் கேட்காமல் இருக்கவும்தானே? நம்மில் எழுதுகிறவர்கள், பாடுகிறவர்கள், ராப் செய்கிறவர்கள் இருக்கிறீர்கள். அடுத்த முறை ஒருவர் காயத்தை விட்டு வேறொன்றைப் பாடினால், அரசியல் குறைந்துவிட்டது என்று அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். உட்கார்ந்து முழுதாகக் கேளுங்கள்.

இப்போது ‘ரிம்ஷாட்’ போடப் போகிறோம். ‘டக்’ என்ற அந்தச் சத்தத்தை மட்டும் பின்தொடர்ந்து போங்கள். கேட்டு முடித்ததும் சண்டை போடலாம்.