குரூப் போட்டோவில் யார் நிற்கிறார்கள்?

(நாவலூரில் இளைஞர்கள் கூட்டிய கூட்டமொன்றில் ஒளிப்படக் கலைஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆட்களைப் படம் எடுப்பது என் தொழில். இந்த ஓ.எம்.ஆர். சாலையில் சோழிங்கநல்லூரிலிருந்து கேளம்பாக்கம் வரைக்கும் கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து, பாஸ்போர்ட் சைஸ், கண்ணீர் அஞ்சலி பேனருக்குப் பெரிதாக்கும் படம் என்று எல்லாம் செய்கிறேன். போட்டோகிராபருக்குச் சாதி ஒழிப்பு மேடையில் என்ன வேலை என்று சிலருக்குத் தோன்றலாம். உங்கள் வீட்டுக் கல்யாண ஆல்பத்தை ஒருமுறை புரட்டிப் பாருங்கள், புரியும்.

தாலி கட்டி முடிந்ததும் மேடையில் குரூப் போட்டோ தொடங்கும். "பொண்ணு வீட்டுக்காரங்க வாங்க", "மாப்பிள்ளையோட சித்தப்பா குடும்பம் வாங்க", "சொந்தக்காரங்க எல்லாம் ஒருதடவை வந்துடுங்க" என்று யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். நாற்பது பேர் ஏறி நிற்பார்கள். பெரும்பாலான கல்யாணங்களில் அந்த நாற்பது பேரும் ஒரே சாதி. நண்பர்கள், கூட வேலை செய்கிறவர்கள் முறை கடைசியில், பாதிப்பேர் பந்திக்குப் போன பிறகு வரும். சமைத்தவர், இலை எடுத்தவர், மேளம் அடித்தவர் ஆல்பத்தில் இருந்தால், கேமரா தற்செயலாக அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று அர்த்தம். அவர்கள் பெயரை யாரும் என்னிடம் சொன்னதில்லை.

1916ஆம் ஆண்டு மே 9 அன்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அண்ணல் அம்பேத்கர் 'இந்தியாவில் சாதிகள்' என்ற கட்டுரையை வாசித்தார். அப்போது அவருக்கு வயது 25. சாதியின் உயிர்நாடி அகமணம் என்று அதில் நிறுவினார். சாதிக்குள்ளேயே மணம் முடிக்கும் வழக்கம் இருக்கும்வரை சாதி இருக்கும். இதற்குச் சாட்சி தேடி நூலகத்துக்குப் போக வேண்டியதில்லை. மூன்று தலைமுறைக் குரூப் போட்டோக்களை வரிசையாக அடுக்கினால் போதும். தமிழில் 'சொந்தக்காரங்க' என்ற சொல்லுக்குள்ளேயே சாதி உட்கார்ந்திருக்கிறது. குடும்பப் படம் என்று நாம் கொஞ்சுவது, பல வீடுகளில் அகமணத்தின் ஆவணம்தான்.

கேமரா இந்த நாட்டுக்கு வந்த புதிதிலேயே சாதிக்கு வேலை பார்க்கத் தொடங்கிவிட்டது. 1857 எழுச்சிக்குப் பிறகு, ஆளப்படும் மக்களை வகைபிரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற தேவை ஆங்கில அரசுக்கு அதிகமானது. 1868 முதல் 1875 வரை 'இந்திய மக்கள்' என்ற தலைப்பில் எட்டுத் தொகுதிகள் லண்டனில் வெளிவந்தன. நானூறுக்கும் மேற்பட்ட ஒளிப்படங்கள். பெரும்பாலான படங்களுக்குக் கீழே இருப்பது சாதியின் பெயர், இனக்குழுவின் பெயர், கூடவே அவர்கள் 'குணம்' பற்றிய தீர்ப்பு. நிற்கிற மனிதரின் பெயரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

நம் எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், மனிதர்களின் மூக்கையும் மண்டையையும் கருவி வைத்து அளந்தார். ரங்காச்சாரியின் துணையோடு அவர் 1909இல் வெளியிட்ட 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' ஏழு தொகுதிகள். அதிலும் படங்கள் உண்டு. ஒருவரை நிற்கவைத்து, 'இவர் இன்ன சாதியின் மாதிரி' என்று காட்டுகிற படங்கள். அந்த முகத்துக்கு உரியவர் தன் படத்தைப் பார்த்திருப்பாரா, ஒரு பிரதி அவர் கைக்குப் போயிருக்குமா? படம் எடுப்பவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி இது.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவில் அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த பிரெடரிக் டக்ளஸ், 19ஆம் நூற்றாண்டில் மிக அதிகமாகப் படம் எடுக்கப்பட்ட அமெரிக்கர்களில் ஒருவர். சுமார் 160 உருவப்படங்கள் கிடைத்துள்ளன. கறுப்பின மக்களைக் கேலிச் சித்திரங்களாக வரைந்து தள்ளிய காலத்தில், அவர் நல்ல கோட்டு அணிந்து, சிரிக்காமல், நேராகப் பார்த்தபடி கேமரா முன் உட்கார்ந்தார். ஒளிப்படம் பற்றி உரைகளே நிகழ்த்தியிருக்கிறார்.

நமக்கு அண்ணல் இருக்கிறார். நீலக் கோட்டும் கையில் புத்தகமும் வெறும் அலங்காரம் இல்லை என்பதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எனக்கு மிகவும் பிடித்தது 1934 பிப்ரவரியில் பம்பாய் ராஜகிருகத்தில் எடுத்த குடும்பப் படம். மகன் யஷ்வந்த், அண்ணல், ரமாபாய், அண்ணி லட்சுமிபாய், அண்ணன் மகன் முகுந்த், கூடவே டாபி என்ற நாய். அடுத்த ஆண்டு மே மாதம் ரமாபாய் இறந்துபோனார். அந்த ஒரு படம் இல்லையென்றால் அந்தக் குடும்பத்தை எப்படி நினைத்துப் பார்ப்போம்? பிறகு 1948 ஏப்ரல் 15 அன்று, பார்ப்பனக் குடும்பத்தில் பிறந்த மருத்துவர் சாரதா கபீரை அவர் டெல்லியில் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். 1916இல் எழுதியதை 1948இல் தன் வாழ்க்கையில் செய்து காட்டினார். அவர்கள் இருவரும் சேர்ந்திருக்கும் படங்கள் நமக்கு வெறும் தம்பதிப் படங்கள் ஆகுமா?

நம் ஊர் ஸ்டுடியோக்களையும் குறைத்து மதிப்பிட வேண்டாம். 1880களிலிருந்து நூறாண்டுக் காலத் தமிழக ஸ்டுடியோ படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தேடிச் சேகரித்து எண்மப்படுத்தியிருக்கிறது. வரைந்த பின்திரை, மர நாற்காலி, காகிதப் பூ. இதெல்லாம் நாடகம்தானே என்று கேட்கலாம். ஊர்த் தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கும்படி கட்டாயப்படுத்தப்பட்ட ஒருவர், டவுன் ஸ்டுடியோவில் காசு கொடுத்து, நாற்காலியில் கால்மேல் கால் போட்டுப் படம் எடுத்துக்கொண்டால் அது நாடகமா? ஊர் மறுத்த இருக்கையில் அவர் உட்கார்ந்ததற்கான சாட்சி அது.

இனி நம் பகுதிக்கு வருகிறேன். இந்தச் சாலையை ஒட்டித்தான் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் இருக்கின்றன. நகரத்தின் நடுவிலிருந்து, ஆற்றங்கரைகளிலிருந்து அகற்றப்பட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்களை 2000ஆம் ஆண்டிலிருந்து இங்கே கொண்டுவந்து குடியமர்த்தினார்கள். கண்ணகி நகர்ச் சுவர்களில் 2020இல் பெரிய பெரிய முகங்களை ஓவியமாகத் தீட்டினார்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சுவருக்குப் பின்னால் இருக்கிற வீட்டில் ஒருவர் இறந்துவிட்டால், மாலை போட ஒரு படம் இருக்காது. வீடு மாறியபோது ஆல்பம் தொலைந்திருக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் நனைந்து ஒட்டிக்கொண்டிருக்கும். வாக்காளர் அட்டையையோ ஆதார் அட்டையையோ நீட்டி, "இதையே பெருசு பண்ணிக் கொடுங்கண்ணா" என்பார்கள். ஒரு மனிதர் அறுபது வருடம் வாழ்ந்ததற்கு மிஞ்சுவது, அரசாங்கம் தன் கணக்குக்காக எடுத்த ஒரே ஒரு படம். தர்ஸ்டன் காலத்திலிருந்து நாம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று அந்த நேரத்தில் யோசிப்பேன்.

கூடவே இன்னொரு வேண்டுகோளும் வரும்: "கொஞ்சம் வெளுப்பா காட்டுங்க." இது தனிமனிதரின் ஆசை மட்டும் இல்லை. கோடாக் நிறுவனம் வண்ணங்களைச் சரிபார்க்க ஆய்வகங்களுக்குக் கொடுத்த மாதிரி அட்டையில் பல ஆண்டுகள் வெள்ளைக்காரப் பெண்ணின் முகம்தான் இருந்தது. அந்தத் தோலுக்கு ஏற்றபடிதான் பிலிமைச் சீர்செய்தார்கள். கறுப்பு முகம் சரியாக விழாததற்குக் கறுப்பு காரணம் இல்லை. அதனால் நான் வெளுப்பாக்குவதற்குப் பதில் விளக்கைச் சரியாக வைக்கிறேன். கறுப்புத் தோலுக்கு வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து, மென்மையாக, போதுமான அளவு விழ வேண்டும். அப்படி எடுத்த பிரிண்ட்டைக் கையில் கொடுத்த பிறகு யாரும் என்னிடம் வெளுப்பு கேட்டதில்லை.

இப்போது சாதி மறுப்புத் திருமணங்கள். இதைப் பேசத்தான் வந்தேன்.

அந்தத் திருமணங்களில் "பொண்ணு வீட்டுக்காரங்க வாங்க" என்றால் பெரும்பாலும் மேடையின் ஒரு பக்கம் காலியாக இருக்கும். சில நேரம் இரண்டு பக்கமும். மணமக்களின் முகம் மாறுவது கேமரா வழியாக எனக்கு நன்றாகத் தெரியும். 1967இல் அண்ணாவின் அரசு சுயமரியாதைத் திருமணத்துக்காக இந்து திருமணச் சட்டத்தில் சேர்த்த 7-அ பிரிவைப் படித்துப் பாருங்கள். உறவினர்கள், நண்பர்கள் அல்லது வேறு நபர்கள் முன்னிலையில் மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டால் போதும். சட்டம் நண்பரை உறவினருக்குச் சமமாக நிறுத்தியிருக்கிறது. அதனால் நான் "சொந்தக்காரங்க வாங்க" என்றே கூப்பிடுவேன். தோழர்கள் ஏறுவார்கள். அவர்கள்தான் சொந்தம். அந்தப் படம் அகமணத்தின் ஆவணத்தில் விழுகிற கிழிசல்.

ஆனால் அதே படம் உயிரையும் வாங்கும். உடுமலைப்பேட்டை சங்கர் என்றதும் உங்கள் மனதில் எந்தப் படம் வருகிறது? 2016 மார்ச் 13 அன்று கண்காணிப்புக் கேமராவில் பதிவான அந்தக் கொலைக்காட்சிதான் பலருக்கும் வரும். சங்கரும் கௌசல்யாவும் மகிழ்ச்சியாக இருந்த படங்களும் இருக்கின்றன. கொலைகாரர்களால் உருவான காட்சி அவற்றை மறைத்துவிட்டது. இங்கே பக்கத்தில், பள்ளிக்கரணையிலேயே 2024 பிப்ரவரியில் சாதி மறுப்புத் திருமணம் செய்த ஓர் இளைஞரை வெட்டிக் கொன்றார்கள். ஆபத்து எங்கோ தென் மாவட்டத்தில் இருக்கிறது என்று நகரத்துக்காரர்கள் சொல்லிக்கொள்ள முடியாது. அச்சுறுத்தலுக்கு உள்ளான இணையர் ஊரறியத் திருமணம் செய்யவேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது என்பதை உச்ச நீதிமன்றமே 2023 ஆகஸ்டில் ஏற்றுக்கொண்டது. ஊரறியச் சொல்வது கட்டாயம் இல்லையென்றால், ஊரறியப் படம் போடுவது மட்டும் எப்படிக் கட்டாயமாகும்?

எனவே படம் எடுக்கும் தோழர்களுக்குச் சில நடைமுறைகள். இருவரும் தனித்தனியாகச் சம்மதிக்காமல் ஒரு படத்தையும் வெளியே விடாதீர்கள். உங்கள் தொழில் விளம்பரத்துக்கும் கூடாது. செல்போனில் எடுக்கும் படக் கோப்புக்குள் எடுத்த இடம் பதிவாகியிருக்கலாம். அதை நீக்கிவிட்டு அனுப்புங்கள். பின்னணியில் கடைப் பலகை, பேருந்து நிறுத்தப் பெயர், வண்டி எண் இருக்கிறதா என்று பாருங்கள். மாலை மாற்றும் கணத்தையும் சாட்சிகளின் முகங்களையும் தெளிவாக எடுங்கள். பதிவு அலுவலகத்திலும், தேவைப்பட்டால் காவல் நிலையத்திலும், "கடத்தினான்" என்ற புகாருக்கு அதுவும் ஒரு பதிலாகும். இரண்டு செட் பிரிண்ட் போடுங்கள். ஒன்று அவர்களிடம், இன்னொன்று அவர்கள் நம்பும் ஒருவரிடம்.

நம் பக்கத்துத் தோழர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். 'சாதி மறுப்பு இணையர்' என்று தலைப்பிட்டு, இரண்டு சாதிப் பெயர்களையும் போட்டு, படத்தைப் பகிர்கிறோம். வாழ்த்துகிற நோக்கம்தான். ஆனால் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மறுபடியும் சாதி வந்து உட்கார்ந்துகொள்கிறது. எட்டுத் தொகுதிகளில் வெள்ளைக்காரன் செய்த வேலையை, நாம் அன்போடு செய்வதா? தங்கள் கதையைச் சொல்வது அவர்களின் உரிமை. எப்போது, எவ்வளவு என்று அவர்கள் முடிவு செய்யட்டும்.

மதுரை மாவட்டம் வாடிப்பட்டியின் ஜெய்சிங் நாகேஸ்வரன் தன் சொந்தக் குடும்பத்தைப் படம் எடுத்தார். 'கக்கூஸ்' ஆவணப்படத்தில் பணியாற்றிய பழனிகுமார், மீன் விற்கும் தன் அம்மாவின் உழைப்பைப் படம் எடுத்தார். உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்குக் கேமரா பிடிக்கவும் கற்றுக்கொடுக்கிறார். வெளியிலிருந்து வந்து எடுக்கட்டும் என்று நாம் காத்திருக்க வேண்டிய காலம் முடிந்துவிட்டது.

உங்கள் எல்லோர் கையிலும் செல்போன் இருக்கிறது. இந்த வாரமே வீட்டிலிருக்கும் பாட்டியை, பக்கத்து வீட்டு அக்காவை, உங்கள் தெருவைச் சுத்தம் செய்கிறவரை, அவர்களிடம் கேட்டு, அவர்கள் விரும்பும் இடத்தில், விரும்பும் உடையில் உட்காரவைத்து ஒரு படம் எடுங்கள். பிரிண்ட் போடுங்கள். அதன் பின்புறம் பெயர், தேதி, இடம் எழுதுங்கள், சாதி வேண்டாம். எழுதியதை அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.