கேபிளும் ஆன்டெனா ஆகிவிட்டால்?



ஹாம் வானொலியில் இறங்கும் தம்பிகள் அடிக்கடி கேட்பது இது: "அண்ணா, மொட்டை மாடியில செங்குத்து ஆன்டெனா நிறுத்திட்டேன். எஸ்.டபிள்யூ.ஆர். 1.2தான் காட்டுது. ஆனா மைக்கைத் தொட்டா சுருக்குங்குது. பக்கத்து வீட்டு ஸ்பீக்கர்ல என் குரல் கேட்குதாம்!"

மீட்டர் சரியாகத்தான் காட்டுகிறது. ஆனால் அலை கம்பியிலிருந்து கிளம்புகிறதா, கேபிளிலிருந்து கிளம்புகிறதா என்பது அதற்குத் தெரியாது.

கோ-ஆக்சியல் கேபிளில் நடுக்கம்பி ஒன்று, சுற்றிலும் பின்னல் ஒன்று என்று படித்திருக்கிறோம். உயர் அதிர்வெண்ணில் மின்னோட்டம் உலோகத்தின் மேல்தோலில் மட்டுமே ஓடும். ஆகவே பின்னலின் உட்புறமும் வெளிப்புறமும் தனித்தனிக் கம்பிகள் போல நடந்துகொள்ளும். உட்புற மின்னோட்டம் ஆன்டெனாவின் அடிக்கு வந்ததும் ரேடியல் கம்பிகளுக்குள் போக வேண்டும். ரேடியல் இல்லையா? வெளிப்புறம் வழியாக நம் அறைக்கே திரும்பி வரும்! கேட்கும்போதும் இதே கதைதான். வீட்டு எல்.இ.டி. விளக்கு, சார்ஜர் இவற்றின் இரைச்சலை அதே வெளிப்புறம் ரிசீவருக்குக் கொண்டு வரும்.

மருந்து இரண்டு. முதலாவது, மின்னோட்டத்துக்கு நல்ல வழி காட்டுங்கள். 14 மெகாஹெர்ட்ஸுக்கு மாடியில் சுமார் 5 மீட்டர் நீளத்தில் எதிரெதிராக 2 ரேடியலாவது கட்டுங்கள். 4 என்றால் இன்னும் நல்லது. தரையில் விரிப்பதானால் நீளத்தைவிட எண்ணிக்கை முக்கியம்; 16 போடலாம்.

இரண்டாவது, தவறான வழியை அடையுங்கள். இதற்குத்தான் சோக். அமெரிக்க ஹாம் வால்ட்டர் மேக்ஸ்வெல் 1983இல் 'கியூ.எஸ்.டி.' இதழில், ஃபெரைட் மணிகளைக் கேபிளின் மேல் மாலையாகக் கோக்கும் முறையை எழுதினார். இன்று எளிய வழி, '31' ரக ஃபெரைட் வளையம் (குறுக்களவு சுமார் 61 மி.மீ.) ஒன்றில் ஆர்.ஜி.58 போன்ற மெல்லிய கேபிளை 10, 12 சுற்று சுற்றுவது. வெளிப்புற மின்னோட்டத்துக்கு ஆயிரக்கணக்கான ஓம் தடை கிடைக்கும். உள்ளே போகும் சிக்னலுக்கு ஒன்றும் ஆகாது. ஒரே முறை நுழைத்து விட்டுவிடாதீர்கள். தடை ஏறத்தாழ சுற்றுகளின் வர்க்கப்படி கூடும். பழைய கம்ப்யூட்டர் பவர் சப்ளையில் கழற்றிய மஞ்சள் வளையம் இரும்புத்தூள் ரகம், இதற்கு உதவாது. சோக்கை ஆன்டெனாவின் அடியிலேயே வையுங்கள்; அறைக்குள் நுழையும் இடத்தில் இன்னொன்று வைத்தால் இரைச்சலும் குறையும்.

சோதிப்பது சுலபம். குறைந்த சக்தியில் அனுப்பியபடி கேபிளைக் கையால் பிடித்துப் பாருங்கள். எஸ்.டபிள்யூ.ஆர். மாறினால் வெளிப்புறத்தில் இன்னும் மின்னோட்டம் ஓடுகிறது என்று பொருள்.

2004 டிசம்பர் 26 சுனாமியின்போது போர்ட் பிளேரில் இருந்த ஹாம்கள் அங்கிருந்து செய்தி அனுப்பினார்கள். அப்படி ஒரு நாளில் தூரத்துக் குரல் மெலிதாகத்தான் வரும். அது நம் வீட்டுச் சார்ஜர் இரைச்சலில் மூழ்கிவிடக் கூடாது. பெரிய ஆம்ப்ளிஃபயர் வாங்க நினைக்கும் தம்பிகள், முதலில் ஒரு வளையம் வாங்குங்கள்.