அல்கோபாசாவின் குசினி
(வானொலி இலக்கிய நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)



இலக்கிய நிகழ்ச்சியிலே சுற்றுலாக் கதை சொல்ல வந்துவிட்டானே என்று உங்களிற் சிலர் நினைக்கக்கூடும். நான் பேச வந்தது சொற்களைப் பற்றித்தான். அந்தச் சொற்கள் எனக்கு எதிர்ப்பட்டது ஒரு சுற்றுலா பஸ் வண்டியிற் போன இடங்களில் என்பதால், பஸ்ஸிலிருந்து தொடங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

அதற்கு முன் ஒரு குற்ற ஒப்புதல். நான் முப்பது வருடங்களுக்கு மேல் தமிழ் படிப்பித்தவன். மாணவரின் கட்டுரைக் கொப்பியில் 'குசினி' என்று கண்டால் சிவப்பு மையால் வெட்டி 'அடுக்களை' என்று எழுதுவேன். 'யன்னல்' என் கையிற் பட்டால் சாளரமாகும். 'கதிரை' நாற்காலியாகும். ஒருமுறை ஒரு பையன் எழுந்து நின்று, "எங்கடை வீட்டிலை அடுக்களை இல்லை, சேர். குசினிதான் இருக்கு" என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் புள்ளியைக் குறைத்தது குறைத்ததுதான்.

ஓய்வுபெற்ற பின்னர் ஐரோப்பாவிலுள்ள உறவினரைப் பார்க்கப் போன இடத்தில் லிஸ்பன் நகரில் மூன்று நாள் தங்க வாய்த்தது. நம்மிடம் வந்தவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டுமென்ற ஆசை எனக்கு நெடுநாளாக உண்டு. நான் விசாரித்தபோது, காலையிற் புறப்பட்டு இரவு திரும்பும் ஒருநாட் சுற்றுலா ஒன்றைச் சொன்னார்கள். தோமார், பத்தாலியா, அல்கோபாசா, ஒபிடோஸ் என்று நான்கு பழைய ஊர்கள். ஒரே நாளில் நான்கு ஊர் என்பது தேர் பார்க்கப் போனவன் வடத்தைத் தொட்டுவிட்டுத் திரும்புவது போலத்தான். எனினும் போனேன்.

எங்கள் வழிகாட்டி ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மையார். கையிலே ஒரு மஞ்சள் குடை. மழையில்லை, ஆனால் அந்தக் குடை போகும் இடமெல்லாம் நாங்களும் போகவேண்டும். நன்றாகப் பேசினார், சரித்திரம் அறிந்தவர் என்பதும் தெரிந்தது.

முதலில் தோமார். குன்றின் மேலே 1160 இல் தெம்பிளர் என்ற துறவி வீரர்கள் தொடங்கிய கோட்டை. உள்ளே வட்ட வடிவில் ஒரு தேவாலயம். குதிரையில் அமர்ந்தபடியே அவர்கள் பூசை கண்டார்கள் என்றொரு கதை சொல்கிறார்கள். 1312 இல் பாப்பரசர் அந்தச் சபையைக் கலைத்துவிட, போர்த்துக்கல் மன்னன் அதன் சொத்துக்களை விட்டுவிட மனமின்றி, 1319 இல் 'கிறிஸ்துவின் சபை' என்ற புதிய பெயரில் அதற்கு மறுபடி உயிர் கொடுத்தான். பின்னர் கடலோடிகளின் பாய்களில் எழுதப்பட்ட சிவப்புச் சிலுவை இந்தச் சபையின் சிலுவைதான். நம்முடைய பாடசாலைச் சரித்திரப் புத்தகத்திலுள்ள கப்பற் படங்களில் அதைப் பார்த்திருப்பீர்கள்.

தோமாரிலே எல்லோரும் பார்க்கப் போவது ஒரு யன்னலை. ஆம், யன்னல் என்றே சொல்கிறேன். 'இதுதான் அந்த ஜனேலா' என்று வழிகாட்டி குடையை உயர்த்தியபோது எனக்குத் திடுக்கிட்டது. அச்சொல் போர்த்துக்கேயம் என்பது எனக்குத் தெரியாத சங்கதியல்ல. அகராதியில் அறிந்த உறவை நேரிலே, அதன் சொந்த வீட்டு வாசலிலே, சொந்தக்காரர் வாயாற் கேட்பது வேறு.

அந்த யன்னலைப் பற்றிச் சொல்லாமற் போக மனம் வரவில்லை. சாதாரண யன்னலைச் சுற்றிக் கடல் முழுவதையும் கல்லிலே கொண்டுவந்து அப்பியிருக்கிறார்கள். முறுக்கிய கயிறு, முடிச்சு, பவளம், கடற்பாசி, வேரோடு பிடுங்கிய மரம், எல்லாவற்றுக்கும் மேலே அந்தச் சிலுவை. கல்லின் மேல் மஞ்சளாகப் பாசி படர்ந்திருக்கிறது. நம் கோயிற் சிற்பிகளுக்கு இதைக் காட்டினால் வேலைத்திறனை மெச்சுவார்கள், இவ்வளவு நெரிசல் எதற்கு என்றும் கேட்பார்கள். இது செய்யப்பட்டது மனுவேல் மன்னனின் காலத்தில். 1505 இல் காற்றுத் தள்ளிக்கொண்டு வந்து இலங்கைக் கரையில் விட்ட கப்பல்களும் அதே மன்னனுடையவை.

இன்னொரு செய்தியும் தோமாருக்கு உண்டு. 1578 இல் மொறோக்கோப் போர்க்களத்தில் அவர்களுடைய இளம் அரசன் வாரிசில்லாமல் மாண்டான். மூன்று வருடங்களுக்குள் முடி ஸ்பானிய மன்னன் பிலிப்பிடம் போயிற்று. 1581 இல் நாட்டின் பிரதிநிதிகள் கூடி அவனை அரசனாக ஏற்றது இந்தத் தோமாரிலேதான். 1640 வரை போர்த்துக்கலுக்குச் சொந்த அரசன் இல்லை. வழிகாட்டி இதைச் சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்தது. நான் மனக்கணக்குப் போட்டேன். பிலிப் டி ஒலிவேரா யாழ்ப்பாணத்தைப் பிடித்து, சங்கிலி மன்னனைச் சிறைப்படுத்தியது 1619 இல். ஆகவே நம் அரசைப் பறித்தபோது அவர்களும் தங்கள் அரசை இழந்திருந்தவர்களே. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தவன் அந்த ஒலிவேரா. அதை நினைக்க என் மனக்கணக்கு எனக்கு ஒரு சமாதானமும் தரவில்லை.

மத்தியானச் சாப்பாடு பத்தாலியாவுக்குப் போகும் வழியில். இரண்டு வகை 'சோப்பா' உண்டு என்றார்கள், அதாவது சூப்பு. ஒன்று பச்சை நிறம். அதில் நறுக்கிப் போட்ட இலை என்னவென்று கேட்டேன். 'கோவ்' என்றார் வழிகாட்டி. நம்முடைய கோவா! கோவா நகரத்திலிருந்து வந்ததால் அந்தப் பெயர் என்றே நான் இவ்வளவு காலமும் எண்ணியிருந்தேன். மற்றது கோழியும் சோறும் போட்டுக் காய்ச்சியது. பெயர் 'கான்ஜ'. ஒரு கரண்டி வாயில் வைத்தவுடனே விளங்கிவிட்டது. காய்ச்சற்காரருக்குக் கொடுப்பது என்றும் அவர் சொன்னார். நம் கஞ்சிதான். மலையாளக் கரையில் ஏறிய சொல் என்று அவர்களுடைய அகராதிகளே ஒப்புக்கொள்கின்றன. அதை நான் சொன்னபோது அந்த அம்மையார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "என் பாட்டி செய்த கான்ஜவா? அது எங்களுடையது அல்லவா?" என்றார். அவருடைய முகத்தில் நான் கண்டது, 'யன்னல்' எங்களுடையதல்ல என்று நான் சொல்லும்போது என் மாணவரின் முகத்தில் நான் கண்ட அதே திகைப்பு.

பத்தாலியா என்றால் போர். 1385 ஓகஸ்ட் 14 இல் பக்கத்திலுள்ள அல்ஜுபரோத்தா என்ற இடத்தில் கஸ்தீலியரின் பெரும்படையை வென்றதற்கு நேர்த்திக்கடனாக முதலாம் ஜோவான் மன்னன் கட்டத் தொடங்கிய மடம் இது. மன்னனும் ஆங்கிலேய அரசி பிலிப்பாவும் கல்லறைமேற் கைகோத்தபடி கல்லாய்ப் படுத்திருக்கிறார்கள். சுவரோரமாக அவர்களுடைய பிள்ளைகள். அதிலொருவர்தான் 'கடலோடி' ஹென்றி இளவரசர். அவர் வட ஆபிரிக்காவுக்கு அப்பாற் கடலில் ஒருபோதும் போனதில்லை என்று வழிகாட்டி சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவர், இந்த மனிதரின் கனவினால்தான் உலகம் ஒன்றானது என்றார். சிரிப்பு அடங்கிற்று. மறுகரையில் நடந்தது பற்றி ஒரு வாக்கியம் வருமென்று காத்திருந்தேன். குடை நகர்ந்துவிட்டது.

நான் பின்னாலே போய், "இலங்கையைப் பற்றி உங்கள் பாடசாலையில் என்ன படித்தீர்கள்?" என்று கேட்டேன். அவர் சற்று யோசித்து, "தப்ரோபானா" என்றார். காமொயின்ஷ் என்ற மகாகவி 1572 இல் வெளியிட்ட 'லூசியாதஸ்' காவியத்தின் முதற் செய்யுளிலேயே அப்பெயர் வருகிறது. அங்குள்ள பிள்ளைகள் அதைப் படித்தே ஆகவேண்டும். "அது கடந்துபோகிற இடம். அதற்கு அப்பாலும் போனார்கள் என்று சொல்வதற்காக வரும் பெயர்," என்று விளக்கினார். மறைக்க எண்ணிச் சொன்னதல்ல. செய்யுளில் அப்படித்தான் இருக்கிறது. கடந்துபோகிற இடத்திலே நூற்றைம்பது வருடம் தங்கினார்கள் என்பது அந்த முதற் செய்யுளில் இல்லை.

பத்தாலியாவில் இரண்டு பெயரறியாப் போர்வீரரின் கல்லறை உண்டு. முதலாம் உலகப் போரில் மாண்டவர்கள். ஒருவர் பிளாண்டர்ஸிலும் மற்றவர் ஆபிரிக்காவிலும். அசையாமல் நிற்கும் காவற் சிப்பாய்க்கு எங்கள் கூட்டத்துச் சிறுமியொருத்தி கைகாட்டிப் பார்த்தாள். அவன் கண்கூடச் சிமிட்டவில்லை. பின்னாலே கூரையில்லாத சிற்றாலயங்கள். துவார்த்தே மன்னன் தொடங்கியதை மனுவேல் மன்னன் இடையில் விட்டுவிட்டு லிஸ்பனிலே புதிய மடத்துக்குப் பணத்தைத் திருப்பினான். ஐந்நூறு வருடமாக மேலே வானம். அன்று பார்த்தவற்றுள் எனக்கு மிகப் பிடித்தது அதுதான்.

அல்கோபாசாவைச் சேரும்போது பிற்பகல் நான்கு மணி. 1153 இல் தொடங்கிய சிஸ்டேர்சியத் துறவிகளின் மடம். கோயிலுக்குள்ளே அலங்காரமே இல்லை. வெள்ளைக் கல்லும் வெளிச்சமும் மட்டும். பெத்ரோ இளவரசனும் அவன் காதலி இனேசும் காலோடு கால் பார்க்கக் கிடக்கும் கல்லறைகள் இங்கேதான் இருக்கின்றன. 1355 இல் அவளைக் கொல்வித்தவன் இளவரசனின் தகப்பன். அரசனான பின் பெத்ரோ அவளுடைய பிரேதத்துக்கு முடிசூட்டினான் என்ற கதை பிற்காலத்தார் கட்டியது. ஆனால் சுற்றுலாக்காரர் விரும்புவது அதைத்தான். இருபது நிமிடம் அதிலே கழிந்தது.

பிறகு ஓர் ஓடைச் சத்தம் கேட்டது. கதவொன்றின்மேற் பலகையில் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டி வாசித்தேன். வழிகாட்டி அதை உச்சரித்தார்: 'குஸீஞ்யா'.

நேயர்களே, அப்படியொரு குசினியை நான் கண்டதில்லை. சுவரெல்லாம் வெள்ளை ஓடு பதித்திருக்கிறார்கள். நடுவிலே அண்ணாந்து பார்த்தாற் கழுத்து வலிக்கும் உயரத்துக்குப் புகைக்கூண்டு. எருதுகளை முழுதாகச் சுட்டார்களாம். ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டித் தண்ணீரை உள்ளேயே கொண்டுவந்திருக்கிறார்கள். மீனும் அவ்வழியே வந்து சேர்ந்ததாம். எனக்கோ நினைவில் வந்தது, கிடுகு வேய்ந்த எங்கள் வீட்டுக் குசினி. ஆச்சி அதிற் குந்தியிருந்து ஊதாங்குழலால் ஊதுவா. அவ போர்த்துக்கேயர் என்ற பெயரையே அறியாதவ. 'பறங்கி' என்பா. காலையிற் பாண். குளிக்கப் போனால் துவாய். பள்ளிக்கூடத்துக்குச் சப்பாத்து. மூக்குத் துடைக்க லேஞ்சி. ஆச்சியின் வாயில் அவையெல்லாம் முழுத் தமிழ்.

யாழ்ப்பாணத்தில் அவர்கள் ஆண்டது 1619 இலிருந்து 1658 வரை, நாற்பது வருடத்துக்கு ஒன்று குறைவு. பின்வந்த ஒல்லாந்தர் அதைவிட மூன்று மடங்குக்கு மேல் ஆண்டும் 'கந்தோர்' போன்ற சில சொற்களையே விட்டுப்போனார்கள். ஒல்லாந்தர் வீடுகளிலேயே வேலையாட்களோடும் பிள்ளைகளோடும் போர்த்துக்கேயக் கலப்பு மொழிதான் பேசப்பட்டது என்பது இதற்கு ஒரு காரணம். சட்டத்தால் வந்த சொற்கள் கந்தோரோடு நின்றன. மற்றவை வீட்டுக்குள்ளால் வந்தவை. பெண்களும் பிள்ளைகளும் வாங்கி, பெண்களும் பிள்ளைகளும் காப்பாற்றியவை. நான் சிவப்பு மையால் வெட்டியது யாருடைய எழுத்தை என்று அந்தக் குசினிக்குள் நின்றபோது எனக்குச் சங்கடமாயிற்று. தனித்தமிழ் அன்பர்கள் கோபிக்க வேண்டாம். மேடைக்கும் ஏட்டுக்கும் அடுக்களை இருக்கட்டும், நானும் எழுதுவேன். அந்தப் பையனின் புள்ளியைத்தான் நான் குறைத்திருக்கக் கூடாது.

ஒபிடோஸில் மதிலும், வெள்ளைச் சுவரும், சொக்கிலேற் கிண்ணத்தில் ஒரு பழ மதுவும். அரசிகளுக்குச் சீதனமாகக் கொடுக்கப்பட்டு வந்த ஊராம். அழகான ஊர்தான், ஆனால் கடைகள் அதிகம். அதற்குமேல் எனக்கு அங்கே ஒன்றும் ஓடவில்லை.

திரும்பும் வழியில் அந்த அம்மையார் என் பக்கத்திலே வந்து இருந்து, அந்தச் சொற்களையெல்லாம் எழுதித் தரமுடியுமா என்று கேட்டார். தமிழ் எழுத்து அவருக்கு வாசிக்கத் தெரியாது. ஆகவே சுற்றுலாத் துண்டுப் பிரசுரத்தின் பின்புறத்தில் உரோமன் எழுத்தில் எழுதத் தொடங்கினேன். எழுதும்போதுதான் நினைவு வந்தது. தமிழ் முதன்முதலில் அச்சேறியது இதே லிஸ்பன் நகரில், 1554 இல், உரோமன் எழுத்தில். செபங்கள் அடங்கிய சிறு நூல். அதை ஆக்கியவர்கள் தமிழர் மூவர். வின்சென்ட் டி நசரேத், ஜோர்ஜ் கர்வால்யோ, தோமா த குருஸ் என்ற ஞானஸ்நானப் பெயர்கள்தான் நமக்குக் கிடைத்திருக்கின்றன. தமிழ் எழுத்திலே 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் அச்சாவதற்கு இன்னும் 24 வருடம் கிடந்தது. அந்த மூவரும் இந்த நகரில் எந்த வீட்டிலே, எந்த யன்னலோரம் இருந்து எழுதினார்களோ.

அம்மையார் தாளை வாங்கி ஒலிவாங்கியிலே வாசித்தார். மேசை, சாவி, அலுமாரி, கதிரை, சப்பாத்து, துவாய். பஸ்ஸிலிருந்த போர்த்துக்கேயத் தம்பதிகள் ஒவ்வொரு சொல்லுக்கும் தலையாட்டினார்கள். கடைசிச் சொல்லில் அவர் நின்றார். தோம்பு.

"தோம்பு என்றால் எங்கள் பேச்சில் தடுக்கி விழுவது," என்றார். பிறகு, "இல்லை, இல்லை, லிஸ்பனில் அரச சுவடிக்கூடத்துக்கும் அந்தப் பெயர்தான்" என்று தாமே திருத்திக்கொண்டு, "உங்கள் ஊரில் அதற்கு என்ன கருத்து?" என்று கேட்டார்.

ஊர் ஊராகச் சென்று யார் காணி, எத்தனை பனை, எவ்வளவு வரி என்று எழுதிவைத்த பதிவேடு என்று சொல்லத் தொடங்கினேன். அதற்குள் பஸ் நகரத்துக்குள் நுழைந்துவிட்டது. பயணிகள் பைகளை எடுக்க எழுந்து நின்றார்கள். அவர் அந்தத் தாளை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, குடையை எடுக்க முன்னாலே போனார்.