தேகாப்பியாசமும் தினப்பழக்கமும்



தைப்பொங்கலன்று நூறு தண்டால் எடுத்து, மூன்றாம் நாள் தோள்நோவென்று படுத்துவிடும் வாலிபர் நம்முள் பலர். பத்தோடு தொடங்கியவரோ ஆடியிலும் எடுத்துக்கொண்டிருப்பார். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியினர் 96 பேரை அவதானித்து 2009 இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் பழக்கமாக ஊறுவதற்குப் பொதுவாக ஏறத்தாழ 66 நாட்கள் சென்றன. இடையில் ஒருநாள் தவறியதனால் பழக்கம் கெட்டுவிடவில்லை என்பதே அதில் எனக்குப் பிடித்த செய்தி. விரதம் ஒன்று பிழைத்துவிட்டதென்று கோயிலையே மறந்தவர் உண்டோ?

நீரிழிவு நம் வீடுகளில் குடிபுகுந்துவிட்டது. ஆகவே பெரியோருக்கும் இதிற் பங்குண்டு. உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வளர்ந்தோருக்குக் கூறிய குறைந்த அளவு, வாரத்துக்கு 150 நிமிடம். நாளொன்றுக்கு 22 நிமிட வேகநடை. இம்மண்டபத்துக்கு மோட்டார் சைக்கிளில் வந்த தம்பிமார் நடந்து வந்திருந்தால் பாதி முடிந்திருக்கும்! நாளை காலை கோயில் வீதியை மூன்று முறை சுற்றுவோம், நானும் வருகிறேன்.