சன்னலோரத்து முகம்



தன் முகத்தைத் தானே படம் பிடித்துக்கொள்வது இக்காலத்தில் தோன்றிய பழக்கம் என்று நீங்கள் எண்ணக்கூடும். அஃது அவ்வாறன்று. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ராபர்ட் கார்னீலியஸ் என்பவர் 1839-ஆம் ஆண்டிலேயே தம்மைத் தாமே படமெடுத்தார். நம் நாட்டில், ஓவியர் அம்ரிதா ஷேர்கிலின் தந்தையாராகிய உம்ராவ் சிங் ஷேர்கில் (1870-1954) பல்லாண்டுகள் தம் காமிராவின் முன் தாமே அமர்ந்தார். வடமொழியும் பாரசீகமும் கற்ற அவ்வறிஞர், ஆண்டுகள் செல்லச் செல்லத் தம் முகம் மாறிவந்ததைத் தாமே பதிவு செய்து வைத்தார்.

சாகுபுரத்தில் நான் கண்ட நிகழ்ச்சி ஒன்றைக் கூறுகிறேன். பள்ளி ஆண்டு மலருக்காக மாணவி ஒருத்தி தன் படத்தைக் கொணர்ந்தாள். வெள்ளையடித்த சுவரின் முன் நிறுத்தி, அவள் அண்ணன் கைப்பேசியில் எடுத்தது. கண்ணும் மூக்கும் தெரியாத கருநிழலாக இருந்தது. "என் முகம் அப்படித்தான், ஐயா. படமே வேண்டாம்" என்றாள். அச்சொல் என் நெஞ்சைச் சுட்டது.

உண்மை யாது? காமிராவுக்கு ஒளியின் சராசரிதான் தெரியும். முகத்தின் அருமை தெரியாது. வெண்சுவர் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டால், ஒளி மிகுந்துவிட்டதென்று கணக்கிட்டு அனைத்தையும் இருளாக்கிவிடும். நண்பகலில் உப்பளத்தில் நிற்கும்போது நம் கண் கூசிச் சுருங்கி, எதிரே வருபவர் முகம் கறுத்துத் தெரிகிறதன்றோ? அதுவே இதுவும். குற்றம் சுவருடையது; முகத்தினுடையதன்று.

அவளுக்கு நான் சொன்ன முறையை உங்களுக்கும் சொல்கிறேன். அறையின் மின்விளக்கை அணைத்துவிடுங்கள். இருவேறு நிற ஒளிகள் கலந்தால் முகத்தின் நிறம் கெடும். நேர்வெயில் புகாத சன்னலைத் தேடுங்கள். வடக்குச் சன்னலே சிறந்ததென்று மேனாட்டு நூல்கள் கூறும். நம் கடற்கரையிலோ ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்டு இறுதிவரை நண்பகற் சூரியன் வடபுறமே சாய்ந்து நிற்கும். அம்மாதங்களில் தெற்குச் சன்னலே நமக்குத் துணை. வெயில் விழுந்தே தீருமாயின், மெல்லிய வெண்துணியைத் திரையாகக் கட்டுங்கள்.

சன்னலுக்கு ஒருபக்கமாக, இரண்டு மூன்று அடி தள்ளி அமருங்கள். விலக விலக ஒளி விரைந்து குறையும். முதுகுக்குப்பின் அடர்நிறச் சேலை ஒன்றைத் தொங்கவிடுங்கள். நிழல் விழும் கன்னத்தின் பக்கம் வெள்ளை வேட்டியை நாற்காலியில் விரித்தால், அது ஒளியைத் திருப்பித் தரும். கைப்பேசியைப் புத்தக அடுக்கின்மேல் கண்ணுக்கு நேராகச் சாய்த்து, திரையில் உங்கள் முகத்தைத் தொட்டு ஒளியை அளக்கச் செய்யுங்கள். பத்து விநாடிக் கெடு வைத்து, அசையாமல் இருங்கள். கண்மணியில் சன்னலின் சிறு வெளிச்சம் மின்னினால், முகத்தில் உயிர் வந்துவிட்டதென்று பொருள்.

மறுநாள் அவள் கொணர்ந்த படத்தில் முகத்தின் நிறம் மாறியிருக்கவில்லை. அதே கருமைதான், ஆனால் தெளிந்த கண்களும் நிமிர்ந்த நெற்றியும் தெரிந்தன. ஆண்டு மலரில் அப்படத்தின்கீழ், எடுத்தவர் என்ற இடத்திலும் அவள் பெயரே அச்சாயிற்று.

கைப்பேசியில் முகத்தை வெளுப்பாக்கும் வசதிகள் பல உண்டு. அவற்றைத் தொடுமுன், சன்னலைத் திறந்து பாருங்கள்.