மணலின் தாயகம்

பத்தாண்டு நிறைவு காணும் இவ்வவையில், தமிழ் பயிற்றுவிக்கும் நான் மணலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். காரணம் இறுதியில் புலப்படும்.

இந்திய நிலத்தட்டு ஆசியாவுடன் மோதியதால் இமயம் எழுந்தது. அதன் பாரத்தால் அடிவார நிலம் தாழ்ந்து படுகையாயிற்று. ஆறுகள் மலையை அரித்து அப்படுகையை நிரப்பின. அப்படிவுகளில் ஒரு பகுதியே பின்னர் மடிந்துயர்ந்து சிவாலிக் குன்றுகளாக நிற்கிறது. அங்குள்ள மணல் எந்தப் பாறையிலிருந்து வந்தது என்பதே நிலவியலாரின் வினா.

விடை தருவது சிர்கான் என்னும் கடினமான கனிமம். அது உருவாகும்போது யுரேனியத்தை ஏற்கும். ஈயத்தைப் பெரும்பாலும் ஏற்காது. யுரேனியம் மாறா விகிதத்தில் சிதைந்து ஈயமாவதால், இரண்டின் அளவும் மணியின் வயதைக் கூறிவிடும். ஏறத்தாழ 50 கோடி, 100 கோடி ஆண்டு மணிகள் பேரிமயப் பாறைகளில் மிகுதி. 180 கோடியை ஒட்டியவை சிறிய இமயத்தின் பழம்பாறைகளில் மிகுதி. இக்கலவையைக் கொண்டு, எக்காலத்தில் எப்பகுதி அரிபட்டது என்று உணர்கின்றனர். மலையின் மேற்பகுதி முதலில் அரிபட்டுப் படுகையின் அடியில் சேர்கிறது. ஆழத்துப் பாறை பின்னர் வந்து அதன்மேல் படிகிறது. ஆகவே, படுகை என்பது தலைகீழாக எழுதப்பட்ட மலை. அழிந்துபோன சிகரங்களுக்கு அதுவே சாட்சி.

ஆயினும் ஓர் எச்சரிக்கை உண்டு. 50 கோடி ஆண்டு மணி கிடைத்ததால் அவ்வடுக்கு அத்துணைப் பழமையுடையதாகிவிடாது. சிவாலிக் படிவுகளின் வயது 2 கோடி ஆண்டுக்கும் குறைவே. ஓர் அடுக்கு, தன்னுள் உள்ள மிக இளைய மணியைவிட மூத்ததாக இருக்க இயலாது. மேலும், சிவாலிக் குன்றுகளே இன்று அரிபடுவதால், பழைய மணிகள் மறுமுறையும் பயணப்பட்டுச் சமவெளியில் படிகின்றன. கண்ட மணி மலையிலிருந்து நேரே வந்ததென்று துணிதல் கூடாது.

இதைப் படித்தபோது என் முனைவர்பட்ட ஆய்வு நினைவுக்கு வந்தது. ஒரு சிற்றிலக்கியத்தில் கண்ட பழஞ்சொற்களை நம்பி, அந்நூலே மிகப் பழையது என்று ஓர் இயல் முழுதும் எழுதியிருந்தேன். நெறியாளர் ஒன்றும் பேசாமல், அதே நூலிலிருந்த பிற்காலச் சொல் ஒன்றின்மேல் விரல் வைத்தார். அவ்வியலை நீக்கினேன்.

கவிஞர்களே, பழஞ்சொல்லை ஆளுங்கள். அது எத்தனை கைமாறி நம்மிடம் வந்தது என்பதையும் தேடுங்கள். நூலுக்குப் பழமை கற்பிக்கும் ஆர்வம் எழும்போதெல்லாம், அதன் மிக இளைய சொல்லை முதலில் தேடுவோம்.